கொஞ்சம் லூஸ் இருக்கட்டும்!

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழற்றுகிறவர்கள். முதல் வகைக்காரர் திங்கட்கிழமை வண்டியில் ஆபீஸ் வருவார். இரண்டாவது வகைக்காரர் பஸ்ஸில் வருவார், நகக்கண் முழுக்கக் கிரீஸோடு. அவர் தொட்ட ஃபைலில் எல்லாம் கட்டைவிரல் ரேகை இலவசமாக விழும்.

நான் சமீப காலம் வரை முதல் வகை. இப்போது பிரமோஷன் ஆகிவிட்டது.

காரணம், அப்பாவின் புல்லட். 1974-ஆம் வருடத்து வண்டி. 350 சி.சி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அப்பா திண்டிவனம் தாலுகாவில் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்தவர். மயிலம், மரக்காணம் பக்கமெல்லாம் அவர் வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னாடியே அந்த 'டப்... டப்... டப்' வந்துவிடும். கணக்குப்பிள்ளை சட்டையை மாட்டிக்கொள்ள அந்த ஐந்து நிமிஷம் போதும்.

அந்த வண்டியை எங்கள் வீட்டில் யாரும் தொடக் கூடாது. துடைக்கலாம், தொடக் கூடாது. காலேஜ் படிக்கும்போது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒருநாள் சாவி கேட்டேன்.

"கிளட்ச்னா என்னடா?" என்றார்.

"இடது கையில இருக்குமே, அதுப்பா."

"அது லீவர். கிளட்ச்னா என்னன்னு என்னிக்குச் சொல்றியோ, அன்னிக்கு சாவி."

அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் வேலைக்குப் போனேன், விழுப்புரத்தில் வாடகை வீடு பார்த்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், தவணையில் ஒரு 100 சி.சி. வாங்கினேன். கிளட்ச் என்றால் என்னவென்று மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. கோபம்தான். வேறென்ன?

அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. முட்டி தேய்ந்து, கிக்கரை உதைக்க முடியாமல் போய் நாலு வருஷமாயிற்று. திண்டிவனம் வீட்டுத் தாழ்வாரத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது வண்டி. இந்த நேரத்தில் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பையன் வந்தான். பழைய புல்லட் என்றால் உயிராம். நல்ல விலை சொன்னான். ஒரே கண்டிஷன். வண்டி ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும்.

அப்பா, "சரி, குடுத்துடலாம்" என்றார். சொல்லிவிட்டு அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை என்று அம்மா போனில் சொன்னாள்.

எஞ்சின் இரண்டு நாள் கெஞ்சியதில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. சிக்கல் கிளட்ச்சில். லீவரைப் பிடித்துக்கொண்டு ஃபர்ஸ்ட் கியர் போட்டால், கன்றுக்குட்டி மாதிரி ஒரு துள்ளு துள்ளி 'டப்'பென்று ஆஃப் ஆனது. வருஷக்கணக்கில் சும்மா நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்துத்தான் விடுவிக்க வேண்டும்.

"மெக்கானிக்கைக் கூப்பிடு" என்றார் அப்பா.

"நானே செய்றேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்னமும் தெரியவில்லை. ஒரு குட்டி யானையில் ஏற்றி, வண்டியை விழுப்புரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இங்கே கொஞ்சம் பூர்வீகம்.

புல்லட் பிறப்பால் வெள்ளைக்காரன். இங்கிலாந்தில் ரெட்டிட்ச் என்று ஒரு ஊர், தையல் ஊசிக்குப் பேர் போனது. அங்கேயிருந்த ஒரு கம்பெனி, என்ஃபீல்டு என்ற ஊரிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்தது. 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயர் வந்தது அப்படித்தான். 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள். 1932-ல் 'புல்லட்' என்ற பெயர். நம் ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. ரெட்டிட்ச் தொழிற்சாலையை 1967-ல் மூடிவிட்டார்கள். திருவொற்றியூர் மூடவில்லை. 1977-ல் நாமே புல்லட்டை இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தோம். மருமகன் மாமியார் வீட்டுக்கே சமைத்து அனுப்பின கதை!

ஊசி செய்த ஊர்க்காரனுக்கு ஊசிமுனை அளவு தப்பும் பிடிக்காது. இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

முதல் தப்பு, ஸ்பானர். ஆன்லைனில் பளபளவென்று ஒரு செட் வாங்கியிருந்தேன். பத்து, பன்னிரண்டு, பதிமூன்று என்று மில்லிமீட்டர் கணக்கு. பழைய புல்லட்டின் பல நட்டுகள் விட்வொர்த் என்கிற பிரிட்டிஷ் அளவு. என் ஸ்பானர் ஒன்று ஆடியது அல்லது நுழையவே மறுத்தது. நாலு நட்டின் தலையை மொட்டையடித்த பிறகு, அப்பாவின் பழைய டூல்ஸ் பையை அம்மா பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். (அப்பாவுக்குத் தெரியாமல்!)

இடது பக்கம் ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் கழற்றினால் பெரிய அலுமினிய மூடி. அதற்குப் பேர் செயின் கேஸ். அத்தனை பெரிய மூடிக்கு நடுவில் ஒரே ஒரு நட்டு. அட, இவ்வளவுதானா என்று திறந்தேன். கறுப்பு எண்ணெய் வாசல் கோலத்தின் மேல் பாய்ந்தது. அன்றைய முதல் சண்டை.

உள்ளே முன்பக்கம் எஞ்சினின் சின்னப் பல் சக்கரம், 25 பல். பின்பக்கம் கிளட்ச்சின் பெரிய பல் சக்கரம், 56 பல். இரண்டையும் சுற்றி இரட்டை வரிசைச் செயின். எஞ்சின் இரண்டேகால் சுற்று சுற்றினால் கிளட்ச் ஒரு சுற்று. இதுதான் பிரைமரி டிரைவ். கிளட்ச்சிலிருந்து கியர் பாக்ஸ், அங்கிருந்து இன்னொரு செயின் பின் சக்கரத்துக்கு.

இந்தப் பிரைமரி செயினுக்கு லாக் கிடையாது. சைக்கிள் செயின் மாதிரி நடுவில் பிரிக்க முடியாது. அதனால் எஞ்சின் சக்கரம், கிளட்ச் சக்கரம், செயின் மூன்றையும் ஒன்றாகத்தான் கழற்ற வேண்டும், ஒன்றாகத்தான் மாட்ட வேண்டும். கூட்டுக் குடும்பம்!

கிளட்ச்சின் முகத்தில் ஆறு ஸ்பிரிங். அதைக் கழற்றினால் உள்ளே பிளேட்டுகள். உராயும் பட்டை ஒட்டின பிளேட் ஒன்று, வெறும் இரும்புப் பிளேட் ஒன்று, மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். எது எங்கேயிருந்து வந்தது என்பது மறக்காமலிருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். இட்லித் தட்டு. குழிக்கு ஒரு ஸ்பிரிங், குழிக்கு ஒரு ஸ்குரு. மொத்த கிளட்ச்சும் மூன்று தட்டில் அடங்கியது.

மனைவி வந்து பார்த்தாள். "நாளைக்கு டிபனுக்கு இதைத்தான் வேக வைக்கணுமா?" என்றாள். அன்றைய இரண்டாவது சண்டை.

ஒட்டின பிளேட்டுகளைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, அடுத்த வாரம் திரும்ப மாட்ட உட்கார்ந்தேன். கழற்றுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாட்டுவதற்கு ஐந்து சாயங்காலம். கல்யாணம் பண்ணுவதற்கு ஒரு முகூர்த்தம் போதும், சம்சாரம் நடத்த..? சரி, விடுங்கள்.

கூட்டுக் குடும்பத்தை ஒன்றாக ஏற்றினேன். எஞ்சின் சக்கரத்தின் மேல் ரோட்டர் வரும். கரென்ட் தயாரிக்கிற சமாச்சாரம். அது காந்தம். கீழே வைத்த வாஷர், ஸ்குரு எல்லாவற்றையும் பிக்பாக்கெட்காரன் மாதிரி இழுத்துக்கொள்ளும். பார்த்துத் துடைக்காவிட்டால் சுற்றும்போது பக்கத்திலிருக்கும் காயிலைத் தேய்க்கும். கிளட்ச் நடு நட்டை முறுக்கும்போது சக்கரம் கூடவே சுற்றியது. டாப் கியரில் போட்டு, பின் பிரேக்கை மனைவியை மிதிக்கச் சொன்னேன். "இப்பவாவது நான் சொன்னா நிக்குதே" என்றாள்.

எல்லாவற்றையும் நன்றாக முறுக்கினேன். செயின் தொய்வாக இருந்தது, டைட் செய்தேன். கிளட்ச் கேபிள் லொடலொடவென்று ஆடியது, டைட் செய்தேன். மூடியின் ஒற்றை நட்டை, மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு அரைச் சுற்று. நம் வேலையில் குறை சொல்லக்கூடாது பாருங்கள்.

முடித்துவிட்டு நிமிர்ந்தால், இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாஷர்.

ஒரே ஒரு வாஷர். இரவு முழுக்க அதைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தேன். செல்போனில் எடுத்த முப்பத்தெட்டு போட்டோவையும் பெரிசுபடுத்திப் பார்த்தேன். எதிலும் அது இல்லை. காலையில் கியர் போட்டுப் பார்த்தேன். துள்ளாமல் நகர்ந்தது. வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானம் திண்டிவனத்துக்குக் கிளம்பிவிட்டேன். அப்பா எதிரில் போய் ஸ்டைலாக நிறுத்த வேண்டும் என்று ஆசை.

முண்டியம்பாக்கம் வரை ராஜா. விக்கிரவாண்டி தாண்டியதும் வண்டிக்குள்ளிருந்து ஒரு 'ஙொய்ங்' சத்தம். இடது கால் பேண்ட்டில் எண்ணெய். ஒரு லாரியை ஓவர்டேக் செய்யலாமென்று ஆக்ஸிலேட்டரை முறுக்கினால், எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. லாரி டிரைவர் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். கூட்டேரிப்பட்டில் ஒரு டீக்கடை ஓரம் ஒதுங்கினேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் மூக்கைச் சுளித்தார். "இன்னா சார், கிளட்ச்சு பொசுங்குது போல."

ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. இரண்டு டீ குடித்து, வண்டி ஆறினதும், மிச்ச தூரத்தை உருட்டாத குறையாகக் கடந்தேன். பால் கேன் கட்டின சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்து என்னை ஓவர்டேக் செய்தார்.

திண்ணையில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தார். குனிய முடியாமல் குனிந்து, கிளட்ச் லீவரை ஒரு விரலால் ஆட்டினார். அது ஆடவில்லை.

"லூஸே இல்லையேடா!"

"நல்லா டைட் பண்ணியிருக்கேன்ப்பா" என்றேன், பெருமையாக.

"அதான் தப்பு. லீவர்ல ஒரு தீக்குச்சி கனம் சும்மா ஆடணும். நீ ஆடவே விடல. கைய எடுத்த பிறகும் கேபிள் இழுத்துக்கிட்டே நிக்குது. உள்ள தள்ளுகம்பி பிளேட்டைப் பாதி தள்ளிக்கிட்டே இருக்குது. பிளேட்டு முழுசாப் பிடிக்கவும் இல்ல, முழுசா விடவும் இல்ல. வழுக்கி வழுக்கி எரியுது."

"அப்ப நிறைய லூஸ் விட்டா?"

"அப்ப லீவரைப் பிடிச்சாலும் பிளேட்டு பிரியாது. கியரு கடகடன்னு பல்லைக் கடிக்கும். நிறையவும் வேணாம், இல்லாமலும் வேணாம்."

பிளாஸ்டிக் நாற்காலியைத் தாழ்வாரத்தில் போடச் சொன்னார். அவர் வாய், என் கை. சாயங்காலத்துக்குள் மூடியைத் திறந்து பிளேட்டுகளை வெளியே எடுத்தோம். இரும்புப் பிளேட்டில் சூட்டால் நீலம் பாரித்திருந்தது. டீப்பாய்க் கண்ணாடி மேல் ஒவ்வொன்றாக வைத்து, ஆடுகிறதா, கோணியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஒன்று ஆடியது. பட்டை பிளேட் ஒன்று கருகியிருந்தது. கடை மூடுவதற்குள் ஓடி, இரண்டையும் புதிதாக வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் அடுக்கினோம். ஸ்பிரிங் ஸ்குருக்களை ஒரேயடியாக முறுக்க விடவில்லை. மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. பிளேட் கோணாமல் இறங்க வேண்டுமாம். ரோட்டருக்கும் அதைச் சுற்றியிருக்கும் காயிலுக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் சம இடைவெளி இருக்கிறதா என்று ஒரு பழைய போஸ்ட் கார்டை நறுக்கி நுழைத்துப் பார்க்கச் சொன்னார். என் மாமா 1988-ல் எழுதிய கார்டு. 'இங்கு அனைவரும் நலம்' என்ற வரி சுற்றிலும் சிரமமில்லாமல் போய் வந்தது.

அப்புறம் செயின்.

"ஒரு விரலால தூக்கிப் பாரு. கால் இஞ்ச் ஏறி இறங்கணும். நீ முறுக்கினதுக்கு அது ஙொய்ங்குன்னு அழாம என்ன பண்ணும்? சூடேறினா அது இன்னும் இறுகும்டா. தொங்க விட்டாலும் கேஸ்ல அடிக்கும்."

மற்ற பல பிரிட்டிஷ் வண்டிகளில் கியர் பாக்ஸையே பின்னால் தள்ளிப் பிரைமரி செயினை இழுப்பார்களாம். பழைய பி.எஸ்.ஏ., நார்ட்டனெல்லாம் அப்படி. புல்லட்டில் கியர் பாக்ஸை எஞ்சின் முதுகிலேயே போல்ட் போட்டு இறுக்கிவிட்டான். நகராது. அதனால் செயினுக்கு அடியில் வளைந்த ஒரு தாங்கி. அதை ஏற்றி இறக்கித்தான் தொய்வை அளக்க வேண்டும். ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. கிக்கரை மெல்ல அழுத்திச் சக்கரத்தைச் சுற்றி, எங்கே ரொம்ப இறுகுகிறதோ அங்கே கால் இஞ்ச்.

அவரே எழுந்து வந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஆட்காட்டி விரலைச் செயினுக்கு அடியில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மேலே, கீழே. அந்த விரல் கொஞ்சம் நடுங்கிக்கொண்டிருந்தது. செயினைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது.

"ம்... சரியா இருக்கு" என்றார்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கினபோதுகூட அவர் வாயிலிருந்து வராத வார்த்தை.

கடைசியாக மூடி. "ஒத்த நட்டுதான். சும்மா பிடிச்ச மாதிரி முறுக்கு, போதும். ரொம்ப முறுக்கினா மூடி வளைஞ்சு ஓரத்துல எண்ணெய் ஒழுகும். எண்ணெயை நிறுத்தறேன்னு இன்னும் முறுக்குவான். இன்னும் ஒழுகும். எல்லாத்தையும் முறுக்கி வச்சுட்டா அது வண்டி இல்லடா, உலக்கை."

சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தார். பிறகு, வண்டியைப் பார்த்தபடியே, "நானும் சில இடத்துல ரொம்ப முறுக்கிட்டேன்" என்றார்.

நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த ஸ்பானரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப சொல்லு. கிளட்ச்னா என்ன?"

"எஞ்சின் எப்பவும் ஓடிக்கிட்டிருக்கும்ப்பா. சக்கரம் நிக்க வேண்டிய நேரத்துல நிக்கணும். ரெண்டும் சண்டை போடாம, பிடிக்கிற நேரத்துல பிடிச்சு, விடற நேரத்துல விடறதுதான் கிளட்ச்."

அப்பா இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். வண்டியில் ஏற்கெனவே ஒரு சாவி இருக்கிறது. இது இன்னொன்று, பித்தளை வளையத்தோடு. அவர் வேலையிலிருந்த காலமெல்லாம் வைத்திருந்தது. என் கையில் வைத்துவிட்டுக் காபி கேட்க உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் பாண்டிச்சேரிப் பையன் வந்தான். நான் அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸரை அழுத்தி, ஒரே உதை. 'டப்... டப்... டப்.' பையன் முகம் மலர்ந்துவிட்டது. "சார், சொன்ன விலைக்கு மேல அஞ்சாயிரம் தரேன்" என்று அப்பாவிடம் சொன்னான்.

அப்பா காபியை உறிஞ்சினார். "எங்கிட்ட ஏம்ப்பா கேக்கற? வண்டி என் பையனோடது. அவனைக் கேளு."

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். பையன் நல்லவன். கோபித்துக்கொள்ளவில்லை. செயின் எத்தனை லூஸ் விடணும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான். கால் இஞ்ச் என்றேன், பரம்பரை மெக்கானிக் மாதிரி.

சாயங்காலம் அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து மயிலம் முருகன் கோயில் வரை போய் வந்தேன். போகும்போது தோளில் அவர் கை இறுக்கமாக இருந்தது. வரும்போது கொஞ்சம் லூஸாக.

இனி, அந்த வாஷர். சட்டைப் பையிலிருந்து எடுத்து அப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ரப்பர்டா. புல்லட்டுல இப்படி ஒண்ணு கிடையாதே" என்றார். சரியாக அப்போது விழுப்புரத்திலிருந்து மனைவி போன்.

"ஏங்க, ஒரு வாரமா மிக்ஸி ஜாருக்கு அடியில சட்னி ஒழுகிக்கிட்டே இருக்கு. நானும் முறுக்கு முறுக்குன்னு முறுக்கறேன், நிக்கவே மாட்டேங்குது. அந்த வாஷரை எங்கயாவது பார்த்தீங்களா?"

பார்த்தேன் என்று சொல்லவில்லை. ரொம்ப முறுக்காதே என்று மட்டும் சொன்னேன்.